எழுபது மீட்டர் போதும், எழும்பு!

கேமரன் மலையில் விமான நிலையம் இருக்கிறதா?

இல்லை!

ரிங்லெட்டிலிருந்து ஏறு. தானா ராத்தாவைத் தாண்டு. பிரிஞ்சாங் வரை போ. பெரிய விமானம் ஒன்று இறங்கி ஓட இந்த மலை எங்கேயாவது இடம் விட்டிருக்கிறதா? சரிவு, பள்ளம், மூடுபனி. அதற்கு மேலே மறுபடியும் சரிவு.

இந்த மலையைக் காட்டித்தானே நீயும் பேசுகிறாய்?

"நான் தோட்டத்துப் பிள்ளை. அம்மாவுக்குக் கொழுந்து எடுத்தே முதுகு வளைந்துவிட்டது. கோலாலம்பூர்ப் பிள்ளைக்குக் கிடைக்கிற டியூஷன் எனக்குக் கிடைக்கவில்லை. எழும்ப எனக்கு ஓடுபாதையே இல்லை."

போதும். நிறுத்து!

ஓடுபாதை இல்லை என்கிறாயே, எவ்வளவு குறைகிறது என்று அளந்து பார்த்தாயா? நூறு மீட்டரா? ஐந்நூறா? ஆயிரமா?

நீ அளக்கவில்லை. அழுதாய்.

ஏன் தெரியுமா? அளந்துவிட்டால் ஒரு வேலை வந்துவிடும். அழுதால் வேலை இல்லை!

உனக்கு ஒரு விமானத்தைக் காட்டுகிறேன். இந்த மலைக்காடுகளுக்குள்ளேயே வந்து இறங்கிய விமானம்.

1948 முதல் 1960 வரை இந்த நாட்டில் அவசரகாலம். நடுக்காட்டில், ஒராங் அஸ்லி மக்களின் குடியிருப்புகளை ஒட்டி, அரசு சிறுசிறு கோட்டைகளை எழுப்பியது. நம் கேமரன் மலைப் பக்கம் தெலானோக்கிலும் ஒன்று இருந்தது. அந்தப் போரின் நியாய அநியாயம் தனியாக எழுத வேண்டிய கதை. தோட்டத் தமிழனும் அதில் வதைபட்டான். இன்று நான் சொல்ல வந்தது அந்தக் காட்டுக் கோட்டைகளுக்கு ஆளும் பொருளும் கொண்டுபோன விமானத்தைப் பற்றி.

நடந்தால் நாள்கணக்காகும் காடு. மரங்களை வெட்டிச் சமன்செய்த ஒரு துண்டு நிலம்தான் ஓடுபாதை. இரண்டு பக்கமும் குன்று. எந்த விமானி அங்கே இறங்குவான்?

இறங்கினார்கள்! பயனியர் என்ற விமானத்தில் இறங்கினார்கள்.

ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கில், ஸ்காட்டிஷ் ஏவியேஷன் நிறுவனம் செய்த விமானம் அது. விமானி ஒருவர், பயணிகள் நான்கு பேர். ஒற்றை எஞ்சின். தலைக்கு மேலே இறக்கை. நெட்டைக் கால்கள். பார்வைக்கு அழகு கிடையாது.

முதல் பயனியர் 1947இல் பறந்தது. தோற்றது! எஞ்சினுக்குப் பலம் போதவில்லை. பிரிட்டிஷ் விமானப்படை அதை வாங்கவில்லை.

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? "எனக்கு ராசி இல்லை" என்று சொல்லிப் போர்வையை இழுத்துப் போர்த்தியிருப்பாய். ஆமாவா, இல்லையா?

அவர்கள் அளந்தார்கள். 240 குதிரைத்திறன் போதவில்லை. சரி, எவ்வளவு வேண்டும்? 520 குதிரைத்திறன் கொண்ட ஆல்விஸ் லியோனைடஸ் எஞ்சினைப் பொருத்தினார்கள். 1950இல் மறுபடியும் பறக்கவிட்டார்கள். முன்பு வாங்காத அதே விமானப்படை இப்போது வாங்கியது. 1954 முதல் மலாயாக் காடுகளில் கொண்டுவந்து இறக்கியது.

அதன் இறக்கையைப் பார். முன்விளிம்பு நெடுக ஸ்லாட். பின்பக்கம் அகன்று விரியும் ஃபிளாப். இரண்டும் சேர்ந்து, மெதுவாகப் போகும்போதும் காற்றை இறக்கையோடு ஒட்ட வைக்கும். வேகம் குறைந்தால் விமானம் விழும் என்பது விதி. பயனியரோ மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகத்தில் விழாமல் பறந்தது. நெடுஞ்சாலை லாரி அதைவிட வேகமாகப் போகும்!

தரையிலிருந்து எழும்ப அதற்கு எவ்வளவு ஓட்டம் தேவைப்பட்டது தெரியுமா? ஏறத்தாழ 70 மீட்டர்!

ஒரு ஜம்போ ஜெட்டின் மூக்கிலிருந்து வால் வரை உள்ள நீளமே 70 மீட்டர். ஜம்போ படுத்திருக்கும் இடத்துக்குள்ளேயே பயனியர் ஓடி, தரையை விட்டு, மேலே போய்விடும்!

யார் குன்றைத் தள்ளி வைத்தார்கள்? யாரும் இல்லை. யார் காட்டை நீட்டிக் கொடுத்தார்கள்? யாரும் இல்லை. இருந்த இடத்தை அளந்தார்கள். அந்த அளவுக்கு இறக்கையைச் செய்தார்கள்.

உனக்குக் கிடைத்த இடம் எவ்வளவு? அளந்து சொல்!

இரவு எட்டு மணிக்கு மேல் வீடு அமைதியாகிறதா? இரண்டு மணி நேரம் கிடைக்கிறதா? அதுதான் உன் 70 மீட்டர். நூலகத்தில் ஒரு கணினி இருக்கிறதா? அதுவும் உன் 70 மீட்டர். கணக்கு தெரிந்த ஓர் ஆசிரியர், கேட்டால் சொல்லித் தரும் ஓர் அண்ணன் இருக்கிறாரா? அவரும்தான்!

இந்த மலையில் தோட்டம் எப்படி வந்தது என்று உனக்கு யாராவது சொன்னார்களா?

வில்லியம் கேமரன் 1885இல் இங்கே அளக்க வந்தார். அதற்கு 44 ஆண்டுகள் கழித்து, 1929இல், ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அது உலகமே பொருளாதாரத்தில் சரிந்துகொண்டிருந்த நேரம். கையில் என்ன இருந்தது? ஒரே ஒரு ஸ்டீம் ரோலர். சில கோவேறு கழுதைகள். மிச்சமெல்லாம் மனிதக் கைகள்!

அந்தக் கைகளில் தமிழ்க் கைகள் எத்தனை! கப்பலேறி வந்த கைகள். குளிரில் நடுங்கிய கைகள். இன்று சுங்கை பாலாஸ் பக்கம் வருகிற சுற்றுலாப் பயணி நின்று படமெடுக்கிறானே, அந்தப் பச்சைச் சரிவு ஒவ்வொன்றையும் காட்டிலிருந்து பிடுங்கி எடுத்தவர்கள் அவர்கள்.

ரோலர் ஏறாத சரிவில் அவர்கள் ஏறினார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளை நீ ஒரு விண்ணப்பப் படிவத்தைக் கண்டு நடுங்குகிறாய்!

கோபம் வருகிறதா? வரட்டும். வரவேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

"எனக்கு இடம் மட்டுமா இல்லை? பலமும் இல்லையே" என்கிறாயா?

வா, பலம் இல்லாதவன் ஒருவன் கடலைத் தாண்டிய கதையைக் கேள்.

மனிதனின் கால்பலத்தில் மட்டும் விமானம் பறக்க முடியுமா? நல்ல உடற்கட்டுள்ளவன் நீண்ட நேரம் மிதித்தால் கிடைப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குதிரைத்திறன். ஒரு மோட்டார் சைக்கிள் அதைப் பார்த்துச் சிரிக்கும். ஹென்றி கிரெமர் என்ற தொழிலதிபர் 1959இல் ஒரு பரிசு அறிவித்தார். அரை மைல் இடைவெளியில் இரண்டு கம்பம். மனித பலத்தால் மட்டும் பறந்து, இரண்டையும் எட்டு போலச் சுற்றி வரவேண்டும். பரிசுத்தொகை 50,000 பவுண்டு வரை ஏறியது. பதினேழு ஆண்டுகள் யாராலும் முடியவில்லை.

பால் மக்ரெடி என்ற அமெரிக்கருக்கு அப்போது ஒரு தொல்லை. உறவினர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் நின்றிருந்தார். தொழில் படுத்துவிட்டது. ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் கடன் அவர் தலையில்! அன்றைய கணக்கில் கிரெமர் பரிசும் கிட்டத்தட்ட அதே தொகை.

ஜாமீன் கையெழுத்துப் போட்டுச் சிக்கிய குடும்பம் நம் தோட்டங்களில் இல்லையா? அந்த இரவுகள் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அப்படிப்பட்ட நாள்களில்தான் அந்த மனிதர் வானத்தைப் பார்த்தார்.

மற்றவர்கள் செய்த விமானங்கள் நேர்த்தியானவை. வழவழப்பானவை. ஆனால் ஒருமுறை விழுந்தால் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். மக்ரெடி வேறு வழியில் போனார். அலுமினியக் குழாய், மெல்லிய மைலார் பிளாஸ்டிக், பியானோ கம்பி, பசைநாடா. இவ்வளவுதான்! இறக்கை 29 மீட்டர் அகலம், எடையோ 32 கிலோ.

விழுந்ததா? விழுந்தது! மறுபடி மறுபடி விழுந்தது. குழாயைக் கட்டு, பிளாஸ்டிக்கை ஒட்டு, மறுபடியும் பற!

இந்த இடத்தை நீ இரண்டு முறை படிக்க வேண்டும். அவர் விழாத விமானம் செய்யவில்லை. விழுந்தால் உடனே எழுப்பக்கூடிய விமானம் செய்தார். மற்றவர்கள் ஒரு தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ள ஆறு மாதம் எடுத்தார்கள். அவர் நாள்கணக்கில் கற்றார். பிறகு யார் ஜெயிப்பார்கள்?

1977 ஆகஸ்ட் 23. காசமர் காண்டார் என்ற அந்த விமானம் இரண்டு கம்பங்களையும் சுற்றியது. மிதித்தவர் பிரையன் ஆலன் என்ற இளைஞர். பரிசு மக்ரெடிக்கு!

நீ ஒரு தேர்வில் விழுந்தாய். ஒரு நேர்காணலில் திணறினாய். எழுந்திருக்க எத்தனை மாதம் எடுத்தாய்? அந்த மாதங்களைத் திருடியது யார்? தேர்வா? தேர்வு ஒரே நாளில் முடிந்துவிட்டதே!

கதை இன்னும் முடியவில்லை. அடுத்தது கடல்!

1979 ஜூன் 12. இங்கிலாந்துக் கரையிலிருந்து பிரான்ஸ் கரைக்கு, ஏறத்தாழ 36 கிலோமீட்டர். காசமர் ஆல்பட்ராஸ் என்ற புது விமானம். மிதிப்பவர் அதே பிரையன் ஆலன். இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போட்டார்கள். குடிதண்ணீரும் அந்தக் கணக்குக்குத்தான்.

எதிர்க்காற்று கிளம்பியது. இரண்டு மணி நேரம் கடந்தது. கரை வரவில்லை. தண்ணீர் தீர்ந்தது. பேசுவதற்கு வைத்த ரேடியோ கைவிட்டது. கால் நரம்பு சுருட்டி இழுத்தது. அலைகள் சக்கரத்துக்குக் கீழே சில அடியில் குதித்தன.

பிரையன் ஆலன் கைவிட்டார். ஆமாம், கைவிட்டார்! தன்னால் முடியாது என்று சைகை காட்டினார். கீழே வந்த படகு தூண்டில் கோல் போன்ற ஒன்றால் விமானத்தைக் கொக்கி போட்டு இழுக்க வேண்டும். அதற்குப் படகு விமானத்தின் அடியில் வரவேண்டும். படகுக்கு வழிவிட, அவர் கொஞ்சம் உயரே ஏற வேண்டியிருந்தது.

இருந்த கடைசி பலத்தைத் திரட்டி மிதித்தார். சில அடி உயரம் ஏறினார்.

அங்கே காற்று அடங்கியிருந்தது!

அலையை ஒட்டிய காற்றுதான் அவரை அத்தனை நேரம் உலுக்கியிருக்கிறது. சில அடி மேலே அமைதி. படகை விலகச் சொல்லிக் கையாட்டினார். இன்னும் ஐந்து நிமிடம் மிதித்துப் பார்க்கிறேன். பிறகு இன்னும் ஐந்து. இன்னும் ஐந்து.

2 மணி 49 நிமிடம். பிரான்ஸின் மணற்கரை!

இப்போது சொல். நீ கைவிட்ட இடத்தில், அதற்குச் சில அடி மேலே என்ன இருந்தது? உனக்குத் தெரியாது. ஏறிப் பார்க்கவே இல்லையே!

மூன்று மாதம் ஆங்கிலம் படித்தாய், விட்டாய். ஒரு பாகம் கோடிங் கற்றாய், விட்டாய். காலையில் எழுந்து ஓடினாய், மழை வந்தது, விட்டாய். ஒவ்வொரு முறையும் அலையை ஒட்டிய காற்றில்தான் விட்டிருக்கிறாய். தொடக்கக் காற்று எப்போதும் உலுக்கும். எல்லாரையும் உலுக்கும். கொழுந்து எடுக்க முதல் நாள் போன உன் அம்மாவின் விரல்களைக் கேள்!

அந்த மக்ரெடி 1971இலேயே தொடங்கிய நிறுவனம் ஒன்று உண்டு. பெயர் ஏரோவைரன்மென்ட். பெயரை நினைவில் வை. அது உன்னைச் செவ்வாய்க் கிரகத்துக்குக் கூட்டிப்போகும்.

1960களில் தென்னிந்தியாவில் ஒரு சிறுவன். பெயர் பலராம். நிலாவில் மனிதன் இறங்கிய செய்தியை வானொலியில் கேட்டு வளர்ந்தவன். அவனுடைய மாமா அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதி, நாசாவைப் பற்றிய தகவல்களைக் கேட்டார். ஒரு கட்டு புத்தகங்கள் வந்து சேர்ந்தன. ஒரு கடிதம்! ஒரு தபால்தலைச் செலவு! சிறுவன் வளர்ந்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரவியல் படித்தான். அமெரிக்கா போனான். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் பொறியாளரானான்.

1990களில் பலராம் ஒரு யோசனை சொன்னார். செவ்வாயில் ஹெலிகாப்டர் பறக்கவிடலாம்!

செவ்வாயில் காற்று எவ்வளவு தெரியுமா? நம் பூமிக் காற்றின் அடர்த்தியில் நூற்றில் ஒரு பங்கு! நீ குனுங் பிரிஞ்சாங் உச்சியில் மூச்சு வாங்குகிறாயே, அது 2,000 மீட்டர் உயரம். செவ்வாயின் தரையில் நிற்பது நம் பூமியில் ஏறத்தாழ 30,000 மீட்டர் உயரத்தில் நிற்பதுபோல. இறக்கைக்குப் பிடித்துக்கொள்ள அங்கே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

பணம் கிடைக்கவில்லை. யோசனை கிடப்பில் போனது. ஒரு வருடமா? இரண்டு வருடமா? ஏறத்தாழ பதினைந்து வருடம்!

பதினைந்து வருடம் ஒரு யோசனையை நெஞ்சில் வைத்திருக்க உன்னால் முடியுமா? பதினைந்து நாள் முடிகிறதா, முதலில் அதைச் சொல்!

கதவு மறுபடி திறந்தபோது அவர் தயாராக இருந்தார். தலைமைப் பொறியாளரானார். திட்டத்தின் தலைவி மிமி ஆங், பர்மாவிலும் நம் மலேசியாவிலும் வளர்ந்த பெண். சுழலிகளையும் கால்களையும் செய்து கொடுத்தது யார் தெரியுமா? ஏரோவைரன்மென்ட்! கடன் தொல்லையில் மிதிவிமானம் செய்தவரின் நிறுவனம்!

அவர்களும் அளந்தார்கள். காற்று நூற்றில் ஒன்று. அப்படியானால் எடை 1.8 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. சுழலியின் நீளம் 1.2 மீட்டர். இரண்டு சுழலிகள், ஒன்று இடப்பக்கமாகச் சுற்றும், மற்றது வலப்பக்கமாகச் சுற்றும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,400 சுற்று. பூமியிலிருந்து உத்தரவு போய்ச்சேரப் பல நிமிடம் ஆகும் என்பதால், தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும் மூளை.

பூமியில், காற்றை உறிஞ்சிய கூடத்தில் சோதித்தபோது சின்ன மாதிரி ஒன்று கட்டுப்பாடு இழந்து துள்ளியது. சரி, ஏன் துள்ளியது? அள. மாற்று. மறுபடி சுற்று! செவ்வாய்க்குப் போன பிறகும் தடை. முதல் பறப்புக்கு முந்தைய சுழலிச் சோதனை பாதியில் நின்றது. நாள் தள்ளிப்போனது.

2021 ஏப்ரல் 19. இன்ஜெனுவிட்டி என்ற அந்த ஹெலிகாப்டர் எழும்பியது! எவ்வளவு உயரம்? 3 மீட்டர். எவ்வளவு நேரம்? 39 வினாடி.

"இவ்வளவுதானா?" என்று கேட்காதே! ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17இல் முதலில் பறந்தது வெறும் 12 வினாடி. அந்த விமானத்தின் துணியில் ஒரு சின்னத் துண்டைத் தன் மேல் கட்டிக்கொண்டுதான் இன்ஜெனுவிட்டி செவ்வாயில் எழும்பியது.

ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பினார்கள். எத்தனை முறை பறந்தது? 72 முறை! 2024 ஜனவரியில் சுழலி உடையும் வரை, கிட்டத்தட்ட மூன்று வருடம், மைனஸ் 90 டிகிரிக் குளிரைத் தாங்கித் தாங்கிப் பறந்தது.

ஏறக்குறைய காற்றே இல்லாத இடத்தில் பறந்துவிட்டார்கள். உனக்கு என்ன இல்லை? மறுபடி சொல், பார்க்கலாம்!

"படிப்பு இல்லை" என்கிறாயா? மெட்ராஸில் டாஞ்சலிஸ் என்று ஒரு ஹோட்டல்காரர் இருந்தார். கார்சிகாத் தீவிலிருந்து வந்தவர். மவுண்ட் ரோட்டில் விருந்து சமைத்தவர். பிளேரியோ என்ற விமானி 1909இல் கடலைத் தாண்டிப் பறந்த செய்தி அவரை உலுக்கியது. தானே வரைந்தார். சிம்சன் நிறுவனத்தில் செய்யச் சொன்னார். 1910இல் பல்லாவரத்தில் சோதித்து, தீவுத்திடலில் மக்கள் முன்னால் பறந்தார்! ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருடம்கூட ஆகவில்லை. பல்லாவரத்து ஆட்டிடையன் அந்தக் காலத்தில் வானத்தில் எதைக் கண்டிருப்பான் என்று நினைத்துப் பார்!

"நான் பெண்ணாயிற்றே" என்கிறாயா, தங்கச்சி? உஷா சுந்தரத்தைத் தெரிந்துகொள். 1949இல் பெங்களூர் ஜக்கூரில் விமானப் பயிற்சி முடித்தவர். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி. கணவர் சுந்தரத்தோடு சேர்ந்து, டவ் விமானத்தை இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டிவந்தார். கைக்கடிகாரத்தில் வரைபடம் காட்டுகிற காலம் இல்லை அது! வரைபடம் மடியில், திசைகாட்டி கண்முன்னால்.

அப்துல் கலாமைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. டேராடூனில் விமானப்படைத் தேர்வில் எட்டுப் பேரை எடுத்தார்கள். அவர் ஒன்பதாவது. இது உனக்கு மனப்பாடம். ஆனால் நந்தியைப் பற்றி உனக்கு யாராவது சொன்னார்களா?

பெங்களூரில் அவர் தலைமையில் ஒரு சின்னக் குழு செய்த ஹோவர்கிராஃப்ட் அது. காற்று மெத்தையில், தரைக்குச் சில சென்டிமீட்டர் மேலே மிதந்து போகும் வண்டி. உதிரிபாகம் இல்லை, முன்மாதிரி இல்லை, அனுபவமும் இல்லை. மிதக்கவிட்டார்கள்! பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனே ஏறி உட்கார, கலாம் ஓட்டினார். பிறகு மேனன் பதவி போனது. திட்டத்தை மூடினார்கள். உழைப்பெல்லாம் ஓரத்தில் கிடந்தது.

வீணா? அந்த நந்தியைப் பார்க்க வந்த எம்.ஜி.கே. மேனன் என்ற விஞ்ஞானிதான் கலாமுக்கு விண்வெளி ஆராய்ச்சியின் கதவைத் திறந்துவிட்டார்! மூடிய திட்டம்தான் அவரை ராக்கெட்டுக்குக் கொண்டுபோனது. 1979இல் அவருடைய எஸ்.எல்.வி.-3 வங்கக் கடலில் விழுந்தது. அடுத்த ஆண்டே எழுந்தது. 2006 ஜூன் 8, புனே. விமானி ஆக முடியாத அந்த மனிதர் 74 வயதில் சுகோய் போர்விமானத்தில் ஏறிப் பறந்தார்!

செய்த வேலை எதுவும் வீணாகாது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். உன் தோல்வியை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது தோல்வியாகத் தெரிகிறதா, முயற்சியாகத் தெரிகிறதா என்பது நீ எவ்வளவு வேலை செய்து தோற்றாய் என்பதைப் பொறுத்தது.

உன் பயம் எனக்குத் தெரியும். விழுவதற்கு நீ பயப்படவில்லை. விழும்போது லயத்து ஆட்கள் பார்ப்பார்களே என்றுதான் பயப்படுகிறாய். "படிக்கப் போனானே, திரும்பி வந்துட்டான் பார்" என்று கடைவாசலில் பேசுவார்களே என்று! பேசட்டுமே! அந்தப் பேச்சு எத்தனை நாள் ஓடும்? அடுத்த வாரம் அவர்களுக்கு வேறு கதை கிடைத்துவிடும். உனக்கு வேறு வாழ்க்கை கிடைக்காது.

இப்போது கண்ணைத் திற. உன் சரிவைப் பார்.

ஓட்டிச் செல்லும் வண்டி ஏறாத சரிவு. மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து மனிதன் ஏறுகிற சரிவு. ட்ரோனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இருக்கிறதா? விமான நிலையம் கட்ட முடியாத மலைதான் ட்ரோனுக்குச் சொந்த ஊர்! அதற்கு 70 மீட்டர்கூட வேண்டாம். ஒரு பாய் விரிக்கும் இடம் போதும்.

சைபர்ஜெயாவில் 2014இல் தொடங்கிய ஏரோடைன், இன்று உலகின் முன்னணி ட்ரோன் நிறுவனங்களில் ஒன்று. மலேசிய நிறுவனம்! கலாம் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்‌ஷா மாணவர் குழு, நடிகர் அஜித் ஆலோசகராக நிற்க, 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அஜித் படம் வெளியாகும் நாளில் ஈப்போவுக்கு இறங்கி ஓடுகிறாயே, அந்த மனிதர் விமானி உரிமம் வைத்திருப்பதும் மாணவர்களோடு உட்கார்ந்து ட்ரோன் செய்ததும் உன்னை ஏன் உலுக்கவில்லை?

எங்கே போய்ப் படிப்பது என்று கேட்காதே. பந்திங் பாலிடெக்னிக்கில் விமானப் பராமரிப்பு சொல்லித் தருகிறார்கள். கோலாலம்பூர்ப் பல்கலைக்கழகத்தின் மியாட் கல்லூரி முழுக்க முழுக்க விமானத் தொழில்நுட்பத்துக்காகவே நடக்கிறது. ட்ரோன் ஓட்டி வேலை செய்ய வேண்டுமா? மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளைப் படி. பயிற்சி, சான்றிதழ், அனுமதி எல்லாவற்றையும் முறையாக வாங்கு. குறுக்குவழியில் பறந்தவன் சீக்கிரம் இறங்குவான்.

எஸ்.பி.எம். கணக்கில் தேறவில்லையா? மறுபடி எழுது! ஆங்கிலம் வரவில்லையா? விமானப் பராமரிப்பு நூல்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதற்காகவே கற்றுக்கொள்! பணம் இல்லையா? கல்விக்கடனுக்கும் உதவித்தொகைக்கும் யார் யாரிடம் கேட்கலாம் என்று பட்டியல் எழுது. முதல் ஆள் மறுத்தால் இரண்டாம் ஆள். பத்தாவது ஆளும் மறுத்தால் பதினோராவது!

ஒரு நோட்டை எடு. இன்று இரவே எடு. நாளை என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

உனக்கு எது குறைகிறது என்று எழுது. "எல்லாமே" என்று எழுதாதே, அது சோம்பேறியின் பதில். எந்தப் பாடம்? எத்தனை மதிப்பெண் குறைகிறது? எத்தனை ரிங்கிட் குறைகிறது? ஒரு நாளில் எத்தனை மணி நேரம் குறைகிறது? எண்ணாக எழுது! 240 போதவில்லை, 520 வேண்டும் என்று பிரெஸ்ட்விக்கில் எழுதினார்களே, அப்படி எழுது.

எழுதிய எண்ணைப் பார். பயந்து பயந்து நீ மனதுக்குள் வளர்த்த பூதத்தைவிட அது சிறியதாக இருக்கும்.

பிறகு அந்த மாமா எழுதியதுபோல ஒரு கடிதம் எழுது. ஒரு கல்லூரிக்கு, ஒரு நிறுவனத்துக்கு, ஒரு பயிற்சி நிலையத்துக்கு. அனுப்பு. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு.

எழுபது மீட்டர் உன்னிடம் இருக்கிறது, தம்பி. உன்னிடமும் இருக்கிறது, தங்கச்சி. எஞ்சினைத் தட்டு. ஓடு!